100 கிலோ ஓம் தெர்மிஸ்டரை பி.எல்.சி. அனலாக் உள்ளீட்டில் இணைத்தால் 10 டிகிரி குறைவாகக் காட்டுகிறது: விதைநெல் உலர்த்தி

கேள்வி
எழுதியவர்: கல்லிடை விதைநெல்

அனைவருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சிக்கு அருகில் விதைநெல் உலர்த்தும் சிறிய கூடம் ஒன்றை நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். கார் சாகுபடியின் அறுவடை மழைக்காலத் தொடக்கத்தோடு வந்து மோதுவதால், களத்தில் விரித்துக் காயவைப்பதை மட்டும் நம்பி விதைநெல்லைக் கொள்முதல் செய்ய முடிவதில்லை. அதற்காகவே தொட்டி வடிவில் உலர்த்தி ஒன்றைக் கட்டினோம். உமி உலையிலிருந்து வரும் வெப்பக்காற்றை வெளிக்காற்றோடு கலக்கும் டேம்பர் கதவை ஒரு பி.எல்.சி. (நிரலின்படி இயந்திரங்களை இயக்கும் கட்டுப்படுத்தி) திறந்து மூடுகிறது. விதைநெல்லுக்கு உலர்த்தும் காற்று 43 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது என்பதும், சான்று பெறுவதற்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதும், ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்பதும் இத்தொழிலில் உள்ளவர்கள் அறிந்தவையே.

வெப்பநிலையை அளக்க, 25 டிகிரியில் 100 கிலோ ஓம் மின்தடையும் 3950 பீட்டா மதிப்பும் (வெப்பத்தால் மின்தடை எவ்வளவு விரைவாக மாறும் என்பதைக் காட்டும் எண்) உடைய ஆறு என்.டி.சி. தெர்மிஸ்டர்களை, அதாவது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் உணரிகளைத் தொட்டிக்குள் பொருத்தியிருக்கிறோம். 10 வோல்ட் மின்னழுத்தம் தெர்மிஸ்டர் வழியாகவும், அதன்பின் 47 கிலோ ஓம் மின்தடை வழியாகவும் தரைக்கம்பிக்குச் செல்கிறது. இரண்டும் சேரும் முனையிலிருந்து பி.எல்.சி.யின் 0 முதல் 10 வோல்ட் வரையிலான அனலாக் உள்ளீட்டுக்குக் கம்பி போகிறது. தெர்மிஸ்டரின் அட்டவணைப்படி 43 டிகிரியில் அதன் மின்தடை 47 கிலோ ஓம் ஆகிவிடுவதால், அந்த வெப்பநிலையில் சரியாகப் பாதி மின்னழுத்தம், அதாவது 5 வோல்ட், கிடைக்க வேண்டும் என்று கணக்கிட்டு நிரலை எழுதினோம்.

முதல் தொகுதி அம்பை 16 நெல்லை உலர்த்தி முளைப்புச் சோதனைக்கு வைத்தபோது பாதிகூட முளைக்கவில்லை. திரையில் 43 டிகிரியைத் தாண்டவே இல்லை என்று தம்பி உறுதியாகச் சொன்னான். ஐயம் வந்து கண்ணாடி வெப்பமானி ஒன்றைத் தெர்மிஸ்டருக்குப் பக்கத்தில் கட்டிப் பார்த்தால், திரை 43 காட்டும்போது வெப்பமானியில் 53 நிற்கிறது. தெர்மிஸ்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்துச் சோதித்தேன். பி.எல்.சி. கம்பியைக் கழற்றிய நிலையில் மல்டிமீட்டர் 4.99 வோல்ட் காட்டுகிறது. கம்பியைத் திருகியவுடன் அதே முனையில் 4.04 ஆக இறங்கிவிடுகிறது. வேறு சேனலுக்கு மாற்றியும் பார்த்தேன், பலன் அதேதான். அனலாக் உள்ளீடு பழுதாகியிருக்கிறதா, அல்லது நாங்கள் கட்டிய சுற்றில்தான் பிழையா? அடுத்த நெற்பருவமான பிசானத்தின் அறுவடைவரை காத்திருக்க வழியில்லை. அடுத்த தொகுதி நெல் சில நாள்களில் வந்துவிடும். விளக்கிச் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: சேரன்மாதேவி வயரிங்

அண்ணாச்சி, எல்லாச் சேனல்களிலும் ஒரே அளவு குறைகிறது என்றால் நிரலில் 10 டிகிரியைக் கூட்டிவிடலாமே. எங்கள் பக்கத்து ஆலை ஒன்றில் எண்ணெய் வெப்பநிலைக்கு அப்படித்தான் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அவசரத்துக்கு அது போதும் என்பது என் கருத்து.

மறுமொழி 2
எழுதியவர்: பாளை மின்னணு

அண்ணாச்சி, உங்கள் பி.எல்.சி.யிலும் பழுதில்லை, தெர்மிஸ்டரிலும் பழுதில்லை. மல்டிமீட்டர் காட்டிய இரண்டு அளவுகளும் உண்மையானவையே. நீங்கள் கணக்கில் சேர்க்காத மின்தடை ஒன்று சுற்றுக்குள் இருக்கிறது. அது பி.எல்.சி.யின் உள்ளீடேதான்.

அனலாக் உள்ளீடு மின்னழுத்தத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பார்ப்பதற்காகச் சிறிதளவு மின்னோட்டத்தை இழுக்கிறது. 0 முதல் 10 வோல்ட் வரையிலான உள்ளீடுகளின் மின்தடை பல கட்டுப்படுத்திகளில் 100 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் என்பதை நீங்கள் அளந்த 4.04 வோல்டே சொல்லிவிடுகிறது. கீழே (தரைக்கம்பிப் பக்கம்) உள்ள 47 கிலோ ஓமுக்குப் பக்கவாட்டில் 100 கிலோ ஓம் வந்து சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 32 கிலோ ஓம் ஆகிவிடும். மேலே 47, கீழே 32 என்றால் நடுமுனையில் 10 வோல்டில் 4.05 வோல்ட் கிடைக்கும். மல்டிமீட்டரின் 10 மெகா ஓமும் அதோடு சேர்ந்துகொள்வதால் நீங்கள் 4.04 கண்டீர்கள். பி.எல்.சி. இல்லாதபோது 5.00க்குப் பதிலாக 4.99 வந்ததற்கும் அதே மல்டிமீட்டர்தான் காரணம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது, தெர்மிஸ்டர் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உங்கள் சுற்றில் தெர்மிஸ்டர் மேலே இருப்பதால், உள்ளீடு இழுக்கும் மின்னோட்டம் வெப்பநிலையைக் குறைத்துக் காட்டுகிறது. உண்மையில் 43 ஆக இருக்கும்போது திரையில் ஏறத்தாழ 33.6 தெரியும், திரையில் 43 தெரியும்போது தெர்மிஸ்டர் 32 கிலோ ஓமுக்கு இறங்கியிருக்கும், அதாவது நெல் 53 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். அதே உதிரிகளை இடம் மாற்றி, தெர்மிஸ்டரைக் கீழேயும் 47 கிலோ ஓமை மேலேயும் வைத்திருந்தால், 43 டிகிரியில் திரை 53 காட்டியிருக்கும். உலர்த்தி முன்கூட்டியே வெப்பத்தை நிறுத்தியிருக்கும். நெல் மெதுவாகக் காய்ந்திருக்குமே தவிர விதை செத்திருக்காது. உங்கள் முதல் தொகுதி முளைக்காமல் போனதற்கு இதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த இழப்புக்காக உண்மையிலேயே வருந்துகிறேன்.

மேலே நண்பர் சொன்னபடி 10 டிகிரி கூட்டுவது 43ஐ ஒட்டிய பகுதியில் ஓரளவு பொருந்தும். ஆனால் பிழை ஒரே அளவில் நிற்பதில்லை: 30 டிகிரியில் 8.7, 43இல் 9.4, 60இல் 10.5 என்று வளர்ந்துகொண்டே போகும். நிரலில்தான் திருத்த வேண்டும் என்றால், எண்ணைக் கூட்டுவதற்குப் பதிலாக, அட்டவணையில் 47 கிலோ ஓம் என்ற இடத்தில் 31.97 கிலோ ஓம் என்று இட்டுக் கணக்கிடுவது சரியான வழி. உள்ளீட்டின் மின்தடை மாறாமல் இருக்கும்வரை எல்லா வெப்பநிலையிலும் அது பொருந்தும். சிக்கல் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. கையேடுகளில் பெரும்பாலும் ‘குறைந்தது 100 கிலோ ஓம்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். சரியாக 100 என்று யாரும் உறுதி தருவதில்லை. நாளை பழுதாகி வேறு மாட்யூல் மாட்டினால், நிரலை எழுதியவர் அப்போது பக்கத்தில் இல்லாவிட்டால், திரை மறுபடியும் பொய் சொல்லத் தொடங்கும், யாருக்கும் தெரியாது. ஆகவே இன்று இரவு உலர்த்தியை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் மட்டும் அந்தத் திருத்தத்தைச் செய்யுங்கள்.

தெர்மிஸ்டரை 10 கிலோ ஓம் வகைக்கு மாற்றி, கீழே 4.7 கிலோ ஓம் வைத்தால் பிழை 1.2 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையே. ஆனால் 10 வோல்டில் அந்தத் தெர்மிஸ்டர் 43 டிகிரியில் 5 மில்லிவாட்டுக்கு மேல் வெப்பத்தைத் தானே உண்டாக்கும். அசையாத காற்றில் சிறிய பாசிமணி வடிவத் தெர்மிஸ்டர் ஒன்று அந்த அளவில் இரண்டு டிகிரி வரை தானாகச் சூடாகிவிடக்கூடும். உங்களுடைய 100 கிலோ ஓம் வகையில் அந்தத் திறன் அரை மில்லிவாட்தான். உயர்ந்த மின்தடை உணரியைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. அதற்கு ஏற்ற வாயிலைக் கட்டாததே குறை.

அந்த வாயில், ஓர் ஆப்-ஆம்பை (மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லுச் சுற்று) மின்னழுத்தப் பின்தொடரியாக அமைப்பது. நடுமுனையை அதன் நேர் உள்ளீட்டில் கொடுத்து, வெளியீட்டை எதிர் உள்ளீட்டோடு நேரடியாக இணைத்துவிட்டால், உள்ளே வரும் மின்னழுத்தமே வெளியேயும் வரும். உள்ளீட்டில் ஏறத்தாழ மின்னோட்டமே இழுக்காது, பி.எல்.சி. கேட்கும் மின்னோட்டத்தை வெளியீடு தன் மின்வழங்கியிலிருந்து கொடுத்துவிடும். உங்கள் தேவைக்கு எல்.எம். 358 போதும். ஒரே சில்லுக்குள் இரண்டு ஆப்-ஆம்ப் இருப்பதால் ஆறு தெர்மிஸ்டருக்கு மூன்று சில்லுகள் வேண்டும். அது 32 வோல்ட் வரை தாங்குவதால் பேனலில் உள்ள 24 வோல்டிலேயே ஓட்டலாம். எதிர்மின் வழங்கி தேவையில்லை. அதன் உள்ளீட்டு மின்னோட்டம் வழக்கமாக 45 நானோ ஆம்பியர் அளவில் இருக்கும். உங்கள் நடுமுனையின் மூல மின்தடை (மேலும் கீழும் உள்ள இரண்டு 47 கிலோ ஓமும் பக்கவாட்டில் சேர்ந்தது) 23.5 கிலோ ஓம்; இரண்டையும் பெருக்கினால் ஒரு மில்லிவோல்ட்தான் வருகிறது. 43 டிகிரியில் ஒரு டிகிரிக்கு 99 மில்லிவோல்ட் மாறும் சுற்றில் அது ஒரு பொருட்டே அல்ல.

வெளியீட்டுக்கும் பி.எல்.சி.க்கும் இடையில் 100 ஓம் ஒன்றை வையுங்கள். நீண்ட கம்பியின் மின்தேக்கத்தால் ஆப்-ஆம்ப் அலைவுறாமல் அது காக்கும். நேர் உள்ளீட்டிலிருந்து தரைக்கு 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருந்தால் 7 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட இரைச்சல் அடங்கிவிடும். நெல்லின் வெப்பநிலை அதைவிட வேகமாக மாறப்போவதில்லை. 47 கிலோ ஓமை 1 விழுக்காட்டு மெட்டல் ஃபிலிம் வகையாக வாங்குங்கள். 5 விழுக்காட்டு வகை 1.3 டிகிரி வரை பிழை தரும்.

இன்னொன்று: உங்கள் 10 வோல்ட் 7810 வகைச் சீராக்கியிலிருந்து வருகிறது என்றால், அது 9.6 முதல் 10.4 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். 4 விழுக்காடு தவறினால் 2 டிகிரி தவறும். அதற்குப் பதிலாக 7809 ஒன்றைப் போட்டு 9 வோல்ட் எடுத்து, அந்த 9 வோல்டையே ஓர் உள்ளீட்டுச் சேனலில் அளந்து, ஒவ்வொரு தெர்மிஸ்டரின் அளவையும் அதனால் வகுத்துவிடுங்கள். 43 டிகிரியில் விகிதம் 0.500 என்று வரும். மின்வழங்கி ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. 10 வோல்டை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், அது 10.3 ஆக இருந்தால் உள்ளீடு 10இல் நின்றுவிடும், விகிதமும் தவறிவிடும். மற்ற வெப்பநிலைகளுக்கு விகிதம் 30இல் 0.369, 40இல் 0.470, 50இல் 0.567, 60இல் 0.654. இந்த எல்லைக்குள் வளைவு ஏறத்தாழ நேர்கோடாகவே இருப்பதால், இரண்டு புள்ளிகளுக்கு இடையில் நேர்விகிதமாக எடுத்துக்கொண்டாலே போதும்.

மறுமொழி 3
எழுதியவர்: கங்கைகொண்டான் கருவியியல்

பாளை நண்பர் எழுதிய கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தொழிற்கூடத்தில் பல ஆண்டுகள் கருவிகளைப் பராமரித்தவன் என்ற முறையில், தெர்மிஸ்டரையே கைவிட்டுவிட்டு, பி.டி. 100 என்ற பிளாட்டின மின்தடை உணரியும், அதன் தலைப்பகுதியிலேயே அமர்ந்து அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் வாங்கிப் போடுமாறுதான் சொல்வேன்.

காரணம் கம்பி. உங்கள் தொட்டிக்கும் பேனலுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. உலைக் காற்றாடியை வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓட்டுகிறது என்றால், அதன் கேபிளும் தெர்மிஸ்டர் கம்பியும் ஒரே டிரேயில் போகின்றன என்றால், உயர்மின்தடைச் சுற்று அந்த இரைச்சலை வாரி எடுத்துக்கொள்ளும். அதைவிட மோசமானது ஈரம். ஐப்பசி மழையில், உமித்தூசி படிந்த இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் ஏறினால், இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மெகா ஓம் அளவுக்குக் கசிவு உண்டாவது அரிதல்ல. 47 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் ஒரு மெகா ஓம் கசிந்தாலே 1.2 டிகிரி தவறிவிடும். இந்தக் கசிவை எந்தப் பின்தொடரியாலும் திருத்த முடியாது. ஆப்-ஆம்ப் தனக்கு வந்த பொய்யை அப்படியே பி.எல்.சி.க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பி.டி. 100 உணரி 0 டிகிரியில் 100 ஓம், 43இல் 116.7 ஓம். அங்கே ஒரு மெகா ஓம் கசிவு கண்ணுக்கே தெரியாது. அதற்கு மாறாகக் கம்பியின் மின்தடைதான் அதற்குப் பகை: ஒரு ஓம் கூடினால் 2.6 டிகிரி ஏறிவிடும். ஆனால் டிரான்ஸ்மிட்டர் உணரியின் தலையிலேயே அமர்ந்துவிட்டால் அந்தக் கம்பி சில அங்குலங்களாகக் குறைந்துவிடுகிறது. அதன்பிறகு போவது மின்னோட்டம். கம்பி எவ்வளவு நீளமானாலும் வழியில் குறையாது. உங்கள் பி.எல்.சி. மின்னழுத்தத்தை மட்டுமே வாங்கும் என்றால், உள்ளீட்டு முனைகளின் குறுக்கே 500 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் 2 முதல் 10 வோல்ட் கிடைக்கும். பி.எல்.சி.யின் 100 கிலோ ஓம் அதோடு சேர்ந்தாலும் பிழை அரை விழுக்காடுதான். அளவுதிருத்தத்தில் அதையும் போக்கிவிடலாம். கம்பி அறுந்தாலும் உடனே தெரிந்துவிடும்: மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியருக்குக் கீழே விழுந்து சுழிக்குப் போய்விடும். நாமூர் என்ற தொழிற்கூடக் கருவிப் பயனர் அமைப்பின் என்.இ. 43 பரிந்துரையின்படி 3.6 மில்லி ஆம்பியரும் அதற்குக் கீழும் உணரிப் பழுதாகவே கொள்ளப்படும்.

தெர்மிஸ்டரையே வைத்துக்கொள்வதானால், முறுக்கிய இணைக்கம்பியில் ஷீல்டு உள்ள கேபிளைப் போட்டு, ஷீல்டைப் பேனல் பக்கத்தில் மட்டும் எர்த்தில் சேருங்கள்; இரண்டு முனையிலும் சேர்க்காதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கல்லிடை விதைநெல்

இருவருக்கும் நன்றி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததுபோல் இருந்தது. பாளை நண்பர் சொன்ன 4.05, 4.04 கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் பி.எல்.சி.யைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு தவறு என்பது புரிந்தது.

பி.டி. 100 டிரான்ஸ்மிட்டர் ஆறு வாங்குவது இப்போதைக்குக் கைக்கு மீறியது. தெர்மிஸ்டர்களோ தொட்டியின் துளைத்தகட்டுக்கு அடியில் பதித்தாகிவிட்டன, நெல் இறங்குவதற்குள் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே இந்தப் பருவத்துக்குப் பின்தொடரி, அடுத்த பருவத்துக்கு டிரான்ஸ்மிட்டர் என்று முடிவு செய்திருக்கிறோம். கம்பி 18 மீட்டர், வி.எஃப்.டி. கேபிளோடு ஒரே டிரேயில்தான் போகிறது, அதை இன்றே பிரித்துவிடுகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். தெர்மிஸ்டர் கம்பி எலிக்கடியில் அறுந்துவிட்டால் திரை என்ன காட்டும்?

மறுமொழி 4
எழுதியவர்: பாளை மின்னணு

கேட்க வேண்டிய கேள்வி இது, அண்ணாச்சி. என்.டி.சி. தெர்மிஸ்டர் அறுந்தால் அளவற்ற மின்தடை, அதாவது கடுங்குளிர் என்றே பி.எல்.சி. புரிந்துகொள்ளும், டேம்பரை முழுவதும் திறந்து வெப்பக்காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் இதில் மாற்றமில்லை. எனவே விகிதம் 0.2க்குக் கீழே போனால் உணரிப் பழுது என்று கொண்டு டேம்பரை மூடி மணி அடிக்கும்படி நிரலை எழுதுங்கள். 0.2 என்பது ஏறத்தாழ 11 டிகிரி. ஆற்றங்கரைச் சமவெளியில் எந்த மார்கழி விடியலிலும் அந்த அளவுக்குக் குளிராது. விகிதம் 0.9ஐத் தாண்டினால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்று கொள்ளுங்கள்.

இதற்கும் அப்பால், பி.எல்.சி.யைச் சாராத இயந்திர வகைத் தெர்மோஸ்டாட் ஒன்றை 45 டிகிரிக்கு வைத்து, டேம்பர் மோட்டாரின் மின்வழியிலேயே நேரடியாக இணைத்துவிடுங்கள். மின்சாரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வகை டேம்பராக இருந்தால்தான் இது பயன்படும். உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: பேட்டை கழிவுநீர்

இதோடு தொடர்புடைய ஐயம் ஒன்று. எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் பி.எச். மின்முனையின் மீட்டர் பழுதாகிவிட்டது. மின்முனையை இதே எல்.எம். 358 பின்தொடரி வழியாக பி.எல்.சி.க்குக் கொடுத்துப் பார்த்தேன். புளிப்பு நீரில் வைத்தாலும் சோடா உப்பு கரைத்த நீரில் வைத்தாலும் வெளியீடு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. மின்முனை கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 6
எழுதியவர்: கங்கைகொண்டான் கருவியியல்

தயவுசெய்து மின்முனையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; அது நன்றாகவே இருக்கக்கூடும். தெர்மிஸ்டருக்குப் பொருந்திய ஆப்-ஆம்ப் இங்கே பொருந்தாது.

பி.எச். மின்முனையின் கண்ணாடிக் குமிழின் மின்தடை 100 மெகா ஓம் அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். அதைத் தெர்மிஸ்டர் சுற்றின் 23.5 கிலோ ஓமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலாயிரம் மடங்குக்கும் மேல். எல்.எம். 358இன் 45 நானோ ஆம்பியர் அந்தக் குமிழ் வழியாகப் பாய வேண்டுமானால் 4.5 வோல்ட் வேண்டும். மின்முனை தருவதோ 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட்தான். ஆகவே நீங்கள் கண்டது மின்முனையின் குரல் அல்ல. ஆப்-ஆம்பின் உள்ளீட்டு மின்னோட்டம் உண்டாக்கிய மின்னழுத்தம். நேரடியாக பி.எல்.சி.யில் கொடுத்திருந்தாலும் 100 மெகா ஓமுக்கு எதிரே 100 கிலோ ஓம் என்பதால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்திருக்கும்.

ஜே.ஃபெட் உள்ளீடுடைய டி.எல். 072 இதைவிட மிக நல்லது. அதன் உள்ளீட்டு மின்னோட்டம் 65 பிகோ ஆம்பியர் அளவில் இருக்கும். ஆனால் அதுவும் 100 மெகா ஓமில் 6.5 மில்லிவோல்ட், அதாவது 0.1 பி.எச். தவறாகக் காட்டும், பேனல் சூடாகும்தோறும் அந்தப் பிழை வளரும். சிமாஸ் வகையான எல்.எம்.சி. 6482 போன்ற சில்லின் உள்ளீட்டு மின்னோட்டம் ஒரு பிகோ ஆம்பியரின் ஐம்பதில் ஒரு பங்குதான். அதுவே இந்த வேலைக்கு ஏற்றது. ஆனால் அது 24 வோல்டைத் தாங்காது, 15 வோல்டுக்குள் வைத்திருக்க வேண்டும். பி.எச். 7க்கு மேலும் கீழும் மின்முனையின் மின்னழுத்தம் குறி மாறுவதால், குறிப்பு மின்முனையைத் தரையில் சேர்க்காமல் நடுவில் ஒரு நிலையான மின்னழுத்தத்தில் நிறுத்தவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தாலும், உள்ளீட்டு முனையில் ஒரு விரல் ரேகை பட்டால் அதன் வழியே கசிந்துவிடும் அளவுக்கு இது மென்மையான சுற்று. எனவே உங்களுக்கு என் அறிவுரை தெளிவானது: 4–20 மில்லி ஆம்பியர் வெளியீடுடைய பி.எச். டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கி, மின்முனையின் கோஆக்சியல் கேபிளை இடையில் வெட்டி ஒட்டாமல் அப்படியே அதில் சொருகுங்கள். தெர்மிஸ்டருக்கு வாயிலை நாமே கட்டலாம், பி.எச்.சுக்குக் கட்டியதை வாங்குவதே நல்லது.

கேட்டவரின் இரண்டாம் மறுமொழி
எழுதியவர்: கல்லிடை விதைநெல்

இரண்டு நாள் வேலைக்குப் பின் எழுதுகிறேன். எல்.எம். 358 மூன்றையும் ஒரு துளைப்பலகையில் பற்றவைத்து, பேனலுக்குள் 24 வோல்டில் இணைத்து, 7809இன் மின்னழுத்தத்தை ஏழாவது சேனலில் கொடுத்து விகிதமாக மாற்றிவிட்டோம். தெர்மிஸ்டருக்குப் பதிலாக நிலையான மின்தடைகளை வைத்துச் சோதித்ததில், 82 கிலோ ஓமுக்கு 29.5 வர வேண்டிய இடத்தில் 29.4ம், 47 கிலோ ஓமுக்கு 43.1ம், 33 கிலோ ஓமுக்கு 52.2 வர வேண்டிய இடத்தில் 52.3ம் திரையில் வந்தன. பி.எல்.சி. கம்பியைக் கழற்றினாலும் மாட்டினாலும் ஆப்-ஆம்பின் வெளியீடு அசையவே இல்லை.

அதன்பின் தெர்மிஸ்டர்களை இணைத்தபோது ஐந்து சரியாக இருந்தன. மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. கங்கைகொண்டான் ஐயா எழுதியது நினைவுக்கு வந்து அதன் இணைப்புப் பெட்டியைத் திறந்தோம். உமித்தூசி நனைந்து மாவாகி இரண்டு திருகுகளுக்கும் நடுவே பாலம்போல் படிந்திருந்தது. துடைத்து, வெப்பக்காற்றால் உலர்த்தி, கேபிள் நுழையும் துளையை அடைத்த பிறகு அதுவும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. மற்ற ஐந்து பெட்டிகளையும் கழற்றி அதேபோல் அடைத்துவிட்டோம். டேம்பர் ஸ்பிரிங் வகைதான். தெர்மோஸ்டாட்டை அதன் மின்வழியில் போட்டாகிவிட்டது. ஒரு தெர்மிஸ்டர் கம்பியை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தோம்; டேம்பர் மூடியது, மணி அடித்தது.

கெட்டுப்போன முதல் தொகுதியை விதையாக யாருக்கும் கொடுக்கவில்லை, அரைப்பதற்கு அனுப்பிவிட்டோம். நேற்று இரவு புதிய தொகுதி உலர்ந்து முடிந்தது. கண்ணாடி வெப்பமானியும் திரையும் இரவு முழுவதும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போயின. அதிலிருந்து 400 விதைகளை எடுத்து ஈரத்தாளில் வைத்திருக்கிறோம். 14ஆம் நாள் எண்ணிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.